2025 கேம்கள்: கரண்ட் போய் வர்ற ஊருக்கு உங்க வரிசை என்ன?

மண்டபம்_முனை:

2025-ல் வந்த கேம்கள்ல உங்க முதல் அஞ்சு எது, ஏன்னு சொல்லுங்க. வெளிய வர்ற பட்டியல் எல்லாம் பெரிய கார்டு, ஃபைபர் நெட், நிக்காத கரண்ட் இருக்கிறவங்களை வச்சு எழுதினது. நம்ம கரைக்கு அது அப்படியே பொருந்தலை.

சிஸ்டம்: டெஸ்க்டாப், ஐ5 பத்தாம் தலைமுறை, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி, 512 ஜிபி எஸ்எஸ்டி. யுபிஎஸ் கிடையாது. நெட் போன் ஹாட்ஸ்பாட், நாளைக்கு 2 ஜிபி. வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம். கார்டு தாங்கணும், சேவ் போகக் கூடாது, டவுன்லோடு கட்டுப்படியாகணும். தம்பி துபாய்ல இருக்கான், அவனோட சேர்ந்து ஆட ஒண்ணு இருந்தாலும் சொல்லுங்க.

பாம்பன்_பாலம்:

ஆட்டத்தோட தரம் பாதி, உங்க சிஸ்டமும் கரண்ட்டும் பாதின்னு வச்சுத்தான் இந்த வரிசை.

முதலிடம் ஹாலோ நைட்: சில்க்சாங். செப்டம்பர் 4-ல் வந்தது, அடிலெய்டுல இருக்கிற டீம் செர்ரிங்கிற சின்னக் குழு செஞ்சது. 8 ஜிபி இடம் போதும், உங்க டேட்டாவுல நாலு நாள் வேலை. 1650-ல 1080பி, 60 ஃப்ரேம் அசையாம நிக்கும். பெஞ்ச்ல உக்காந்தா சேவ். கரண்ட் போனா கடைசி பெஞ்ச்லேர்ந்து அந்த இடம் வரைக்கும் திரும்ப ஓடணும், இழப்பு அவ்வளவுதான்.

இதுல நிறைய பேர் முதல் சில மணி நேரத்துலயே கைவிடறாங்க, காரணம் ரெண்டு. ஒண்ணு, கீழ் நோக்கின அடி. முதல் கேமான ஹாலோ நைட்ல அது நேர் கீழே இறங்கும். இதுல ஆரம்பத்துல கிடைக்கிற ஹன்ட்டர் கிரெஸ்ட்ல (கிரெஸ்ட்னா அடிக்கிற பாணியை மாத்துற சின்னம்) சாய்வா இறங்கும். அதனால எதிரிக்கு நேர் மேல குதிக்காதீங்க, ஒரு உடம்பு அகலம் தள்ளி நின்னு குதிங்க. பழக்கம் விடவே மாட்டேங்குதுன்னா வாண்டரர் கிரெஸ்ட் கிடைச்சதும் மாத்திடுங்க, அதுல அடி நேரா விழும்.

ரெண்டாவது, உயிர்க் கணக்கு. ஆரம்பத்துல 5 மாஸ்க், அதாவது உயிர். பெரும்பாலான பாஸ் (பெரிய எதிரி) அடி ஒண்ணுக்கு 2 மாஸ்க் போகும், அப்ப மூணாவது அடியில ஆள் காலி. குணமாக்க, எதிரியை அடிச்சுச் சேர்க்கிற நூல் 9 வேணும், ஒரே தடவையில 3 மாஸ்க் வரும். முதல் அடி விழுந்ததும் குணமாக்கினா ஒரு மாஸ்க் வீண். ரெண்டாவது அடிக்கு அப்புறம், 1 மாஸ்க்ல நிக்கும்போது குணமாக்கினாத்தான் மூணும் முழுசா ஏறும். ஆனா நூலால கட்டு போட்டுக் குணமாக்கற அந்த நொடியில அடி பட்டா நூலும் போயிடும். பாஸ் பெரிய அடி அடிச்சு நிமிர்ற இடைவெளி எதுன்னு முதல்ல கண்டுபிடிச்சு, அதுக்குள்ள மட்டும் அழுத்துங்க. அந்தரத்துலயும் குணமாக்கலாங்கிறதை மறந்துடாதீங்க.

ஜெபமணிதான் அங்க காசு. செத்தா கையில உதிரியா இருக்கிற மணி அத்தனையும் அங்கேயே நின்னுடும், எடுக்கப் போற வழியில மறுபடி செத்தா போனது போனதுதான். சரம் கோக்கிற இயந்திரத்துல 80 மணி போட்டா 60 மணிச் சரம் வரும். 20 நஷ்டம்தான், ஆனா செத்தாலும் சரம் போகாது. பெரிய பாஸுக்கு முன்னால கோத்துடுங்க. அப்புறம், முதல் பேட்ச்லேயே மூர்விங், சிஸ்டர் ஸ்ப்ளின்டர்ங்கிற ரெண்டு பாஸையும் கொஞ்சம் இளக்கிட்டாங்க. யாராவது பழைய வெர்ஷன் காப்பி குடுத்தா அப்டேட் பண்ணிட்டு ஆடுங்க.

ரெண்டாவது ஹேடீஸ் 2. முழு வெளியீடு செப்டம்பர் 25, இடம் 10 ஜிபி. நம்ம கரண்ட்டுக்குன்னே செஞ்ச மாதிரி சேவ் முறை: ஒவ்வொரு அறைக்குள்ள நுழையும்போதும் பதிவாகுது, பாதியில அணைஞ்சா அந்த ஒரு அறையை மட்டும் திரும்ப ஆடணும். புதுசா வர்றவங்க சாமிங்க குடுக்கிற வரங்களை எல்லாம் அடிக்கே கொட்டறாங்க. காஸ்ட்ங்கிற மந்திர வட்டத்தைக் கண்டுக்கறதே இல்லை. எதிரியை அந்த வட்டத்துல கட்டிப் போட்டுட்டு வெளிய நின்னு அடிக்கிறதுதான் இதோட அடிப்படை. ரொம்பக் கஷ்டமா இருந்தா காட் மோடு போடுங்க, ஒவ்வொரு சாவுக்கும் தாங்கும் திறன் கொஞ்சம் ஏறும். கதை முழுசும் கிடைக்கும்.

மூணாவது கிளேர் அப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33. கார்டு மட்டும் நல்லதா இருந்தா இதுதான் எனக்கு முதலிடம். 55 ஜிபி. நாளைக்கு 2 ஜிபின்னா 28 நாள். குறைந்தபட்சமே 6 ஜிபி கார்டு கேக்குது. 1650-ல எல்லாத்தையும் லோ-ல வச்சு, ரெசல்யூஷனை இறக்கி, 30 ஃப்ரேம்ல பூட்டணும்.

நாலாவது ப்ளூ பிரின்ஸ். 5-க்கு 9 கட்டம் போட்ட மாளிகை, கதவைத் திறக்கும்போதெல்லாம் மூணு அறையில ஒண்ணைத் தேர்ந்தெடுத்து வைக்கணும், தேடறது 46-ஆவது அறை. நாளைக்கு 50 அடியோட ஆரம்பம். புதிர்னா இதுதான் 2025-ல உச்சம். ஆனா வெளியானபோது ஒரு நாள் முடிஞ்சாத்தான் சேவ். ஒரு மணி நேரம் யோசிச்சு வச்ச வீடு ஒரே மின்வெட்டுல போயிடும், யுபிஎஸ் இல்லாம தொடாதீங்க. பக்கத்துல நோட்டு வச்சு, அறையில பார்க்கிற படம், கடிதம் எல்லாத்தையும் எழுதிக்கணும். புதிர்கள்ல பாதி இங்கிலீஷ் எழுத்து விளையாட்டு, அதையும் கணக்குல வச்சுக்குங்க.

அஞ்சாவதுக்கு தம்பி இருக்கிறதால ஸ்ப்ளிட் ஃபிக்ஷன். அதைக் கீழக்கரைக்காரங்க நல்லா சொல்லுவாங்க.

வாங்கக் கூடாதது: டூம்: தி டார்க் ஏஜஸ். ரே டிரேசிங் (ஒளியைக் கணக்குப் போடற) வன்பொருள் இல்லாம அது ஓடாது, 1650-ல அது கிடையாது. மான்ஸ்டர் ஹன்ட்டர் வைல்ட்ஸும் வேண்டாம், 4 ஜிபி கார்டு போதாது. சந்தேகம் இருக்கிற எதையும் ஸ்டீம்ல வாங்கி 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குக் குறைவா ஆடியிருந்தா பணம் திரும்பும். முதல் தடவை திறக்கும்போது ஷேடர் (படம் வரையிற சின்ன நிரல்) தயாராகிற நேரமும் அந்த 2 மணியில சேரும், ஓட விட்டுட்டு டீ குடிக்கப் போயிடாதீங்க.

கீழக்கரை_வடக்குத்தெரு:

பாலம் காக்கா (அண்ணன்) சொன்ன வரிசையில எனக்கு ஒரே மறுப்பு. எக்ஸ்பெடிஷன் 33 லோ செட்டிங்ல ஓடினாலும் முதலிடம்தான். மாறி மாறி அடிக்கிற பழைய முறையில, எதிரி அடிக்கிற நேரத்துலயும் நம்ம கைக்கு வேலை குடுத்து, ஒவ்வொரு சண்டையையும் தாளம் மாதிரி ஆக்கினதுக்காக. டிசம்பர்ல தி கேம் அவார்ட்ஸ்ல வருஷத்தோட சிறந்த கேம் விருதும் அதுக்குத்தான். மான்பெல்லியர்ல இருக்கிற சான்ட்ஃபால் குழுவோட முதல் கேம் அது.

ஆனா 30 ஃப்ரேம்ல ஆடறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது இருக்கு. ஃப்ரேம் 30-ல நிலையா நின்னா கை பழகிடும். 45-க்கும் 28-க்கும் நடுவுல ஏறி இறங்கினா பழகவே பழகாது, எதிரி அடியைத் தட்டி விடறது தப்பிக்கிட்டே இருக்கும். அதனாலதான் பூட்டச் சொல்றது. டிவியில ஆடினா கேம் மோடு போட்டே ஆகணும், இல்லேன்னா படம் தாமதமா வரும். கன்ட்ரோலரை ப்ளூடூத்ல விடாம கேபிள்ல குடுங்க.

பழகுற முறை: புது எதிரின்னா முதல்ல விலகறதை மட்டும் அழுத்துங்க. விலகலுக்கு நேரம் தாராளம், தட்டி விடறதுக்குக் குறுகலு. விலகும்போது 'பெர்ஃபெக்ட்'னு வந்தா, அந்த நொடியில தட்டியிருந்தாலும் விழுந்திருக்கும்னு அர்த்தம். தொடர்ந்து பெர்ஃபெக்ட் வர ஆரம்பிச்சதும் தட்டறதுக்கு மாறுங்க. தட்டினா ஒவ்வொரு அடிக்கும் 1 ஏபி (திறமைகளுக்குச் செலவாகிற புள்ளி), வரிசை முழுசும் தட்டினா எதிரடி. கண்ணை எதிரியோட கத்தியில வைக்காம தோள்பட்டையில வைங்க, நிறைய எதிரி கையை ஓங்கி ஒரு நொடி நிறுத்தி ஏமாத்தும். பிக்டோஸை (பலம் கூட்ட மாட்டுற பொருள்) ஒரே செட்டா மாட்டியே வச்சிருக்காதீங்க. ஒண்ணை மாட்டி 4 சண்டை ஜெயிச்சா அதோட திறமை லூமினாங்கிற பேர்ல குழுவுல எல்லாருக்கும் திறந்துடும். நாலு முடிஞ்சதும் கழட்டி அடுத்ததை மாட்டுங்க.

இப்ப துபாய் விஷயம். ஸ்ப்ளிட் ஃபிக்ஷன் மார்ச் 6-ல் வந்தது, ரெண்டு பேர் இல்லாம ஆடவே முடியாது. ஒருத்தர் வாங்கினாப் போதும், இன்னொருத்தர் ஃப்ரெண்ட்ஸ் பாஸ் இலவசமா இறக்கிக்கலாம். அவர் பிளேஸ்டேஷன்ல இருந்தாலும் சேரலாம், ரெண்டு பேருக்கும் இஏ கணக்கு வேணும். இலவசம்னதும் சின்ன ஃபைல்னு நினைச்சுடாதீங்க, ஃப்ரெண்ட்ஸ் பாஸும் முழு கேம்தான் இறங்கும், 85 ஜிபி இடம் வேணும். வாட்ஸ்அப் கால் அமீரகத்துல ஓடாது, போட்டிம் ஆப்ல பேசிக்கிட்டே ஆடுங்க. போனை வைஃபை ஹாட்ஸ்பாட்டா வைக்காம யுஎஸ்பி கேபிள்ல டெதர் பண்ணுங்க, இழுத்து இழுத்து வர்றது குறையும்.

85 ஜிபிக்கு வழியே இல்லேன்னா பீக். ஜூன் 16-ல் வந்தது, நாலு பேர் வரைக்கும் மலை ஏறலாம், சின்ன கேம், விலையும் குறைவு. பசி, காயம், பாரம் மூணும் ஒரே பட்டையைத் தின்னும், அதனால பையில அள்ளிப் போட்டுக்காதீங்க. ரூமை ஆரம்பிக்கிறது எப்பவும் தம்பியா இருக்கட்டும். ஆரம்பிச்சவர் பக்கம் கரண்ட் போனா எல்லாருக்கும் ஆட்டம் முடிஞ்சது.

தொண்டி_சர்வீஸ்:

கேம் வரிசையை அவங்க பாத்துக்கட்டும், நான் சிஸ்டத்தைப் பத்திச் சொல்றேன்.

600 விஏ யுபிஎஸ் உங்களுக்குப் போதும். அது ஏறக்குறைய 360 வாட் தாங்கும், 1650 போட்ட சிஸ்டம் மானிட்டரோட ஆடும்போது 200-க்குள்ளதான் நிக்கும். பேட்டரி புதுசா இருந்தா பத்து நிமிஷம் அளவு கிடைக்கும். பெஞ்ச் தேடிப் போய் உக்கார அது போதும், ஆட்டத்தைத் தொடரப் போதாது. வீட்டு இன்வெர்ட்டரை நம்பறவங்க அது சைன் வேவ்தானான்னு பாருங்க. பின்னால யுபிஎஸ் மோடு ஸ்விட்ச் இருந்தா அதுல போடுங்க. சாதா மோடுல மாறுற நேரம் அதிகம். எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்குள்ள இருக்கிற பவர் சப்ளை) கரண்ட் இல்லாம தாக்குப் பிடிக்கிறது 16 மில்லி செகண்ட் கிட்டத்தான், அதைத் தாண்டினா ரீஸ்டார்ட் ஆகும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்ட்டைச் சீரா இழுக்கிற சர்க்யூட்) உள்ள எஸ்எம்பிஎஸ் போட்டா, லோடு ஏறும்போது சிஸ்டம் அணையறது சகஜம்.

அடுத்தது உப்பு. உப்புத் தூசி காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், இழுத்ததும் மின்சாரம் கடத்தும். கச்சான் (தென்மேற்கு) காத்துல ஃபேன் உள்ள இழுத்த உப்பு, வாடைக்கால மழை ஈரத்துல வேலையைக் காட்டும். காலையில ஆன் பண்ணா டிஸ்ப்ளே வராம பீப் அடிக்கிறது, யுஎஸ்பி விட்டு விட்டுப் பிடிக்கிறது, செம்பு தெரியிற இடத்துல பச்சை பூக்கிறது, இதெல்லாம் அதுதான்.

வாடை மழை தொடங்குறதுக்கு முன்னால ஒரு தடவை, மழை ஓய்ஞ்சதும் ஒரு தடவை பிரிச்சுத் துடைங்க. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடிங்க. ரேம், கிராஃபிக்ஸ் கார்டைக் கழட்டி, அதோட தங்கப் பல்லை 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல பஞ்சு உதிராத துணி நனைச்சு ஒரே திசையில துடைங்க. கால் மணி நேரம் காய விட்டு மாட்டுங்க. ரப்பர் போட்டுத் தேய்க்கிற வழக்கத்தை விட்டுடுங்க. தங்கப் பூச்சு ஏற்கெனவே மெல்லிசு, ரப்பர் அதைத் தேய்ச்சு எடுக்கும், அப்புறம் கடல் காத்துக்கு அந்த ரேம் ரொம்ப நாள் தாங்காது. கேபினெட்டைக் கடல் பக்க ஜன்னலுக்கு நேரா வைக்காதீங்க, தரையிலயும் வேண்டாம். மழைக்காலத்துல ஆடாட்டியும் வாரம் ரெண்டு தடவை ஒரு மணி நேரம் ஓட விடுங்க, சூட்டுல ஈரம் போகும்.

மண்டபம்_முனை:

அப்ப முதல்ல யுபிஎஸ், கூடவே சில்க்சாங். ராம்நாட்ல நண்பன்கிட்ட ஃபைபர் இருக்கு, எக்ஸ்பெடிஷன் 33-யும் வச்சிருக்கான். நான் வாங்கிட்டு அவன்கிட்டேர்ந்து காப்பி எடுத்துக்கலாமா?

பாம்பன்_பாலம்:

தாராளமா. அவர் ஸ்டீம்ல கேம் மேல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், இன்ஸ்டால்டு ஃபைல்ஸ், பிரவுஸ். திறக்கிற ஃபோல்டரை முழுசா எக்ஸ்டர்னல் டிரைவுக்கு எடுங்க. டிரைவ் எஃப்ஏடி32-ல இருந்தா 4 ஜிபிக்கு மேல உள்ள ஃபைல் ஏறாது, எக்ஸ்ஃபேட் இல்லேன்னா என்டிஎஃப்எஸ்ல ஃபார்மேட் பண்ணிட்டுப் போங்க. உங்க சிஸ்டத்துல ஸ்டீம்ஆப்ஸ் உள்ள காமன் ஃபோல்டர்ல, பேரை மாத்தாம ஒட்டுங்க. அதுக்கப்புறம்தான் இன்ஸ்டால் அழுத்தணும், முன்னாடி அழுத்தினா முதல்லேர்ந்து இறக்க ஆரம்பிச்சுடும். ஸ்டீம் இருக்கிற ஃபைலைச் சரிபார்த்து, வித்தியாசம் உள்ளதை மட்டும் இறக்கும். கிளம்புறதுக்கு முன்னால அவர் கேமை அப்டேட் பண்ணிட்டாரான்னு கேட்டுக்குங்க, பழைய பதிப்பா இருந்தா மிச்சம் உங்க 2 ஜிபியிலதான் இறங்கும்.

சிஸ்டத்தையே தூக்கிட்டுப் போக முடிஞ்சா இன்னும் சுலபம். ரெண்டு பேரும் ஒரே ரவுட்டர்ல இருந்து, டவுன்லோட்ஸ் செட்டிங்ல லோக்கல் நெட்வொர்க் டிரான்ஸ்ஃபரை ஃப்ரெண்ட்ஸுக்குத் திறந்து விட்டா, ஸ்டீம் அவர் மெஷின்லேர்ந்தே இழுத்துக்கும். வீட்டுக்கு வந்ததும் ஆட்டோ அப்டேட்டை 'கேமைத் திறக்கும்போது மட்டும்'னு மாத்திடுங்க.