கல்லாவில் பண்டிகை வாழ்த்து: பெயர் சொல்லியா, பொதுவாகவா?

கல்லாப்பெட்டி:
டிசம்பர் பிறந்தாலே வரும் சண்டை இது. பில் போடுபவர் ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ என்று முந்திக்கொண்டு சொல்லலாமா, ‘பண்டிகைக்கால வாழ்த்துகள்’ என்று பொதுவாக நிறுத்திக்கொள்வதா? என் கட்சி பொதுவாகத்தான். எதிரே நிற்பவர் எதைக் கொண்டாடுவார் என்பது நெற்றியில் எழுதியிருக்காது. பைபிள் படிப்பவர்களிலேயே யெகோவாவின் சாட்சிகளுக்குக் கிறிஸ்துமஸ் கிடையாது. பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி நடக்கும் ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு அது ஜனவரி 7.

ரசீதுவால்:
அதுக்காக எல்லாருக்கும் ஒரே உப்புச்சப்பில்லாத வாக்கியமா? மெஷின் பேசுற மாதிரி இருக்கும். 25ஆம் தேதியை ஒட்டி பேரைச் சொல்லி வாழ்த்தினா யாரும் மதம் மாறிட மாட்டாங்க. வாடிக்கையாளரே முதல்ல யூதர் பண்டிகையான ஹனுக்காவுக்கு ‘ஹனுக்கா வாழ்த்துகள்’னு சொன்னா அதையே திருப்பிச் சொல்லணும். பதிலுக்குப் பொது வாழ்த்து சொன்னா திருத்துற மாதிரி ஆகிடும்.

கல்லாப்பெட்டி:
பதில் வாழ்த்தில் எனக்கும் மறுப்பில்லை. யார் ஆரம்பிப்பது என்பதில்தான் தகராறு. பெயர் சொல்ல ஆரம்பித்தால் தேதியும் தெரிந்திருக்க வேண்டும். ரமலான் மாதம் 29 நாளா, 30 நாளா என்பதைப் பிறை பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ரசீதின் அடியில் ஈத் வாழ்த்தை முன்கூட்டியே ஏற்றிவைத்தால் ஒரு நாள் முந்திவிடலாம். புனித வெள்ளிக்கு ‘ஹேப்பி’ சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அது துக்க நாள் ஐயா!

ரசீதுவால்:
நாட்காட்டி பார்க்கத் தெரியலைன்னா வாயை மூடணும்னு அர்த்தமில்லை. ரசீது வாசகத்துக்கு முடிவுத் தேதி போடுற வசதி மென்பொருள்ல இருந்தா போடுங்க. இல்லைன்னா நாள்கணக்கு முடிக்கும்போது பார்க்கிற பட்டியல்ல ‘வாசகத்தை நீக்கு’ன்னு ஒரு வரி சேருங்க. பிப்ரவரி வரைக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அச்சாகுறது இந்த ஒரு வரி இல்லாததாலதான்.

மூன்றாம்ஷிப்ட்:
இரண்டு பேரும் வார்த்தையையே பிடித்துத் தொங்குகிறீர்கள். கெடுவது நேரத்தில். அட்டையின் ரகசிய எண்ணை அழுத்தும்போதோ சில்லறை எண்ணும்போதோ வாழ்த்தினால் அவர் கணக்கை விட்டுவிடுவார். மீதியும் ரசீதும் கைக்குப் போன பிறகு, முகம் பார்த்து, ஒரே ஒரு தடவை. வரிசையில் பின்னால் நிற்பவர் அதே ராகத்தை நாலு தடவை கேட்டிருப்பார், அதனால் வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். பொருளைத் திருப்பித் தர வந்தவரிடம், பணம் கைக்குப் போகும்வரை வாழ்த்தே வேண்டாம். ‘நாங்கள் கொண்டாடுவதில்லை’ என்றால் ‘சரிங்க, நல்லபடியா போயிட்டு வாங்க’, அவ்வளவுதான். நீட்டி மன்னிப்புக் கேட்டால் அவருக்குத்தான் சங்கடம். சொல்ல மனமில்லாத ஊழியருக்கு ‘நன்றி, வாங்க’ போதும் என்று மேலாளர் முன்பே சொல்லிவிட வேண்டும். வாழ்த்துக்கு மதிப்பெண் போடும் கடைகளில்தான் அது மந்திரம் ஓதுவது போல் ஆகிறது.

ரசீதுவால்:
திருப்பித் தர்றவர் விஷயம் சரி. ஆனா 24ஆம் தேதி சாயங்காலம் நட்சத்திர விளக்கும் குடில் பொம்மையும் வாங்குறவர்கிட்டகூடப் பொதுவாத்தான் சொல்லணுமா?

கல்லாப்பெட்டி:
பக்கத்து வீட்டுக்குப் பரிசு கொடுக்க வாங்குபவரும் அதையேதான் வாங்குவார். அவர் முதலில் வாய் திறக்கட்டும்.