காயிலோவர் போட்ட பிறகு பின் பக்கம் இடது மட்டும் தூக்கி நிற்கிறது, காலரை இறக்கியும் பயனில்லை – அவசரம்

கோவை_ராக்கெட்
வணக்கம் அண்ணன்மார்களே. போன வாரம் வண்டிக்குக் காயிலோவர் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த, உயரத்தைத் திருகி மாற்றும் செட்) போட்டேன். முன் பக்கம் அருமையாக உட்கார்ந்துவிட்டது. பின்னால்தான் தலைவலி. இடது பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. உயரத்தை மாற்றும் காலரைக் (மரை வளையம்) கடைசி வரை இறக்கியாச்சு, இன்னும் உயரமாகத்தான் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஊட்டி போகிறோம், அதற்குள் சரி செய்தாக வேண்டும். மாட்டிய கடையில் போனை எடுக்க மாட்டேன் என்கிறார்கள். சீக்கிரம் சொல்லுங்க.

பல்லடம்_ஃபிட்டர்
என்ன வண்டி?

ராசிபுரத்தான்
என்ன வண்டி, என்ன கிட், எத்தனை மி.மீ. வித்தியாசம், எங்கிருந்து எங்கே அளந்தீர்கள்? டேப் வைத்துப் பார்த்தீர்களா, கண்ணளவா?

ஹைவே_மணி
ஒன்றும் பயப்படாதீங்க தம்பி. புது ஸ்பிரிங் எல்லாம் அப்படித்தான். 500 கி.மீ. ஓட்டுங்க, தானாக உட்கார்ந்துவிடும். ஊட்டி போய் வந்தால் சரியாகிவிடும்.

டார்க்_குரு
இந்தக் கேள்விக்குப் பல தடவை பதில் எழுதி எனக்கே அலுத்துவிட்டது. காயிலோவர் வாங்கக் காசு இருக்கிறது, மாட்டுவதற்கு முன் பத்து நிமிஷம் படிக்க நேரமில்லை. முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் வண்டியின் பின்னால் இருப்பது காயிலோவரே கிடையாது.

ராசிபுரத்தான்
குருவே, அவர் என்ன வண்டி என்றே இன்னும் சொல்லவில்லை. அதற்குள் பின்னால் என்ன இருக்கிறது என்று எந்த ஞானக்கண்ணில் பார்த்தீர்கள்?

டார்க்_குரு
இங்கே கேள்வி கேட்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர் போலோ. அனுபவம்.

கோவை_ராக்கெட்
போலோ ஜிடி டிஎஸ்ஐ தான் ண்ணா. கிட் தைவான் தயாரிப்பு, ஷாக்கின் கெட்டியை 32 கிளிக்கில் மாற்றலாம். டேப் வைத்துத்தான் அளந்தேன். இடது பக்கம் 14 மி.மீ. கூடுதல்.

டார்க்_குரு
:)

பல்லடம்_ஃபிட்டர்
சரி, குரு சொன்னது குத்தலாக இருந்தாலும் விஷயம் உண்மை. போலோவில் பின்னால் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் குறுக்குத் தண்டு. ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. முன்னால் ஸ்ட்ரட்டின் மேலேயே ஸ்பிரிங் சுற்றி இருக்கும். பின்னால் அப்படி இல்லை. உயரத்தை முடிவு செய்வது ஸ்பிரிங் தலைப்பில் இருக்கும் அந்த மரையுள்ள அட்ஜஸ்டர் மட்டும்தான். ஷாக்கின் உடம்பிலும் மரை இருக்கும், அதைத் திருகினால் ஷாக்கின் நீளம் மாறும், வண்டி உயரம் மாறாது. தம்பி, நீங்கள் "காலரை இறக்கினேன்" என்றது எதை?

இன்னொன்று, தரையிலிருந்து அளந்தீர்களா, ஹப் நடுவிலிருந்தா?

கோவை_ராக்கெட்
தரையிலிருந்துதான். மட்கார்டு விளிம்பு வரைக்கும். ஸ்பிரிங் மேலே இருக்கிற காலரைத்தான் இறக்கினேன்.

மதுரை_டர்போ
எனக்குத் தெரிந்து இது நூற்றுக்கு நூறு சேசிஸ் வளைந்த கேஸ். செகண்ட் ஹேண்ட் வண்டியா? பின்னால் யாராவது இடித்திருப்பார்கள். நல்ல பாடி ஷாப்பில் காட்டுங்கள்.

பல்லடம்_ஃபிட்டர்
முதலில் அளவைச் சரியாக எடுப்போம், சேசிஸை அப்புறம் வளைக்கலாம்.

தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று, தரை மட்டம் எல்லாம் அளவில் கலந்துவிடும். சக்கரத்தின் நடு மூடியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். வண்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது, டிக்கியைக் காலி செய்துவிடுங்கள், நாலு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே அளக்காதீர்கள். டயர் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் வண்டி முழுசாக இறங்காது. கொஞ்ச தூரம் முன்னும் பின்னும் உருட்டி, டிக்கியைக் கையால் நாலு அழுத்து அழுத்திவிட்டு அளக்க வேண்டும்.

அப்புறம் அதே இடத்தில் வண்டியைத் திருப்பி எதிர்ப் பக்கம் பார்க்க நிறுத்தி மறுபடி அளங்கள். தூக்கி நிற்கும் பக்கம் மாறிவிட்டால் குறை தரையில், வண்டியில் இல்லை. நம்மூர் போர்டிகோ எல்லாம் மழைத்தண்ணி ஓட ஒரு பக்கம் சரித்துத்தான் போட்டிருக்கும்.

ஹைவே_மணி
இவ்வளவு எதற்கு? ஓட்டினால் உட்கார்ந்துவிடும்.

ராசிபுரத்தான்
மணி அண்ணா, உட்கார்ந்தால் இரண்டு பக்கமும்தானே உட்காரும்? நல்ல ஸ்பிரிங் இரண்டொரு மி.மீ. இறங்கலாம். ஒரு பக்கம் மட்டும் 14 மி.மீ. இறங்கக் காத்திருந்தால் ஊட்டி இல்லை, இமயமலை போய் வந்தாலும் ஆகாது.

கோவை_ராக்கெட்
அளந்தாச்சு ண்ணா. ஹப் நடுவிலிருந்து பின் இடது 352, பின் வலது 338. முன்னால் இரண்டும் 340ஐ ஒட்டி. வண்டியைத் திருப்பி நிறுத்தினாலும் இடதுதான் உயரம். வண்டி நான் புதுசாக எடுத்தது, எங்கேயும் இடிபடவில்லை.

இடது அட்ஜஸ்டர் அடிவரை இறங்கிவிட்டது. வலதில் இன்னும் கொஞ்சம் மரை மிச்சம்.

டார்க்_குரு
புஷ் முறுக்கு. புஷ் என்றால் பீம் பாடியோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் மூட்டு. கடைக்காரன் பீம் புஷ் போல்ட்டைத் தளர்த்தி, வண்டி தொங்கும்போதே இறுக்கியிருப்பான். ரப்பர் புஷ் என்பது சுழலும் பேரிங் கிடையாது, உள்குழாயும் வெளிக்குழாயும் ரப்பரோடு ஒட்டியே இருக்கும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி கீழே இறங்கும்போது அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு மேலே தள்ளும். கொஞ்ச நாளில் ரப்பரும் கிழியும். சக்கரம் தரையில் இருக்கும்போதுதான் அந்த போல்ட்டை இறுக்க வேண்டும். அடிப்படைப் பாடம்.

பல்லடம்_ஃபிட்டர்
பாடம் சரி குரு. ஆனால் பின் ஸ்பிரிங் மாற்றப் பீம் புஷ் போல்ட்டை எதற்குத் தொட வேண்டும்? ஷாக்கின் கீழ் போல்ட் இரண்டையும் கழற்றினால் பீம் தானாகக் கீழே இறங்கும், ஸ்பிரிங்கைக் கையாலேயே எடுத்துவிடலாம்.

மதுரை_டர்போ
சேசிஸ் இல்லை என்றால் பிரீலோடு, அதாவது மாட்டும்போதே ஸ்பிரிங்கை அமுக்கி வைப்பது. இடது பக்கம் பிரீலோடு அதிகம் வைத்திருப்பார்கள், அதனால் ஸ்பிரிங் கெட்டியாகி வண்டியைத் தூக்குகிறது. என் ஸ்விஃப்ட்டில் பிரீலோடைக் குறைத்த பிறகுதான் சவாரி மெத்தென்று ஆனது.

டார்க்_குரு
பிரீலோடு வைத்தால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்பது நம்மூர் ஒர்க்ஷாப்களில் பரம்பரையாக வரும் மூடநம்பிக்கை. 5 கிலோ ஸ்பிரிங் எங்கே வைத்தாலும் 5 கிலோ ஸ்பிரிங்தான். 1 மி.மீ. அமுக்க 5 கிலோ.

மதுரை_டர்போ
அப்படியானால் என் வண்டி மெத்தென்று ஆனது பொய்யா?

டார்க்_குரு
காலரை இறக்கினீர்கள், வண்டி இறங்கியது. கூடவே ஷாக்கின் தண்டு வேறு இடத்தில் வேலை செய்கிறது. மெத்தென்று தோன்றியதற்கு வேறு காரணம் இருக்கும்.

ராசிபுரத்தான்
இதில் இரண்டு பேரும் பாதி சரி. போலோவின் பின்பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். வண்டி எடை 1,100 கிலோவை ஒட்டி, அதில் பெரும்பங்கு முன்னால். பின்னால் ஒரு ஸ்பிரிங் மேல் சுமார் 200 கிலோ என்று வையுங்கள். 5 கிலோ ஸ்பிரிங் 40 மி.மீ. அமுங்கி நிற்கும். காலரை 10 மி.மீ. ஏற்றினாலும் சுமை அதே 200 கிலோதான், அமுக்கம் அதே 40தான். ஸ்பிரிங் அப்படியே மேலே நகர்கிறது, வண்டி உயர்கிறது. கெட்டி ஆகவில்லை.

ஆனால் தொங்கும் நிலையிலேயே ஸ்பிரிங்கை 40 மி.மீ.க்கு மேல் அமுக்கி வைத்துவிட்டால் கதை வேறு. 200 கிலோ தாண்டினால்தான் ஸ்பிரிங் அசையவே அசையும். அப்போது சின்னக் குழியில் எல்லாம் உடம்பு குலுங்கும். மதுரைக்காரர் வண்டியில் அதுதான் இருந்திருக்கும்.

மதுரை_டர்போ
அதைத்தான் நானும் சொன்னேன்.

டார்க்_குரு
நீங்கள் சொன்னது அது இல்லை.

சேலம்_சட்டம்
எல்லாரும் மி.மீ. கணக்கு போடுகிறீர்கள், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 ஞாபகம் இருக்கிறதா? கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் குனிந்து பார்ப்பது ஸ்பிரிங்கைத்தான்.

ஹைவே_மணி
முதலில் வேகத்தடை போடுகிறவர்களை அந்தச் சட்டத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் கணக்குப்படி 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். எங்கள் தெருவில் இருப்பது சுவர்.

சேலம்_சட்டம்
வேகத்தடை தப்பாக இருந்தால் வண்டியை இன்னும் தாழ்த்தலாம் என்பது என்ன நியாயம்?

பல்லடம்_ஃபிட்டர்
சட்டத்தை அப்புறம் பேசுவோம். தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். கழற்றிய பழைய சாமான்களைக் கடையில் கொடுத்தார்களா? அதில் பின் ஸ்பிரிங்கின் மேல் ரப்பர் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், இந்த வகைக் கிட் பலவற்றில் அட்ஜஸ்டர் உட்கார வேண்டிய இடம் அந்தப் பழைய ரப்பர் இருந்த இடம்தான். ரப்பரை எடுக்காமல் அதன் மேலேயே அட்ஜஸ்டரை வைத்து மாட்டிவிட்டால் அந்த ரப்பரின் தடிமன் முழுக்க உயரத்தில் சேரும். பீம் வண்டியில் ஸ்பிரிங் உட்காருவது முன்னால் இருக்கும் புஷ்ஷுக்கும் சக்கரத்துக்கும் நடுவில். அதனால் ஸ்பிரிங்கில் 10 மி.மீ. கூடினால் சக்கரத்தில் 10ஐத் தாண்டித்தான் வரும். இடது அட்ஜஸ்டர் அடிவரை போயும் 14 மி.மீ. மிச்சம் என்றால் அங்கே ஏதோ ஒன்று கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது.

ரப்பர் இல்லை என்றால், ஸ்பிரிங் கம்பியின் முனை தட்டின் படியில் சரியாகப் பொருந்தாமல் ஏறி நிற்கலாம். அதையும் பாருங்கள்.

கோவை_ராக்கெட்
பழைய பெட்டியில் ஒரு ரப்பர்தான் இருக்கிறது ண்ணா!! இடதைக் கழற்றிப் பார்க்கிறேன். நானே செய்யலாமா, கடைக்கே போகணுமா?

பல்லடம்_ஃபிட்டர்
ஜாக்கியும் இரண்டு நல்ல ஸ்டாண்டும் இருந்தால் நீங்களே செய்யலாம். முன் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஸ்டாண்டை பாடியின் ஜாக்கி பாயிண்டில் கொடுங்கள், பீமுக்கு அடியில் கொடுக்காதீர்கள், பீம் இறங்கியாக வேண்டும். பீமை ஜாக்கியில் தாங்கிக்கொண்டு இரண்டு பக்கமும் ஷாக் கீழ் போல்ட்டைக் கழற்றி, ஜாக்கியை மெல்ல இறக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் மற்றது பிடித்துக்கொள்ளும், ஸ்பிரிங் வராது. பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் பார்த்துக்கொண்டே இறக்குங்கள், அவை இழுபடத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இடது ரப்பரை எடுத்த பிறகு இரண்டு அட்ஜஸ்டரையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். மரையை எண்ணாதீர்கள், ஸ்கேல் வைத்து அளந்து வையுங்கள். லாக் நட்டை மறக்க வேண்டாம்.

ஷாக் போல்ட்டைத் தொங்கும் நிலையில் முழுசாக இறுக்காதீர்கள். குரு சொன்ன ரப்பர் முறுக்கு இங்கேயும் உண்டு. பீமை ஜாக்கியில் தூக்கி, வண்டி ஓடும் உயரத்துக்கு வந்த பிறகு இறுக்குங்கள்.

டார்க்_குரு
ஒரு விஷயம் விட்டுவிட்டீர்கள். அட்ஜஸ்டரை அடிவரை இறக்கி வைத்தால், சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் லூசாகி ஆடலாம். கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஷாக்கின் நீளத்தைக் குறைக்க வேண்டும். மலைப்பாதையில் ஒரு சக்கரம் தூக்கும்போது ஸ்பிரிங் இடம் விட்டு நகர்ந்தால், அப்புறம் இங்கே வந்து கேட்கவும் ஆள் இருக்க மாட்டார்.

பல்லடம்_ஃபிட்டர்
இது முக்கியம். குருவுக்கு நன்றி.

மதுரை_டர்போ
அதற்குத்தான் பிரீலோடு வேண்டும் என்பது. இப்போது புரிகிறதா?

டார்க்_குரு
ஸ்பிரிங் ஆடாமல் இருக்க இரண்டு மி.மீ. போதும். அதையும் உங்கள் ஸ்விஃப்ட் கதையையும் சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

மதுரை_டர்போ
அந்த வண்டியில் போனவர் நானா, நீங்களா?

கோவை_ராக்கெட்
இடது பக்கம் பழைய ரப்பர் உள்ளேயே இருந்தது. எடுத்தாச்சு. இப்போ 341, 338. ரொம்ப நன்றி ண்ணா, ஊட்டி கிளம்பறேன்.

ராசிபுரத்தான்
3 மி.மீ. பற்றிக் கவலைப்பட வேண்டாம், டிரைவர் ஏறினாலே அது மாறும். தொங்கவிட்டு ஸ்பிரிங் ஆடுகிறதா என்று பார்த்தீர்களா? அதைச் சொல்லாமல் போய்விட்டீர்களே.

பல்லடம்_ஃபிட்டர்
தம்பி, கிளம்பும் முன் இதைப் பார்த்தால்: முன்னால் தாழ்த்தியதால் டோ (சக்கரம் உள்ளே, வெளியே பார்க்கும் கோணம்) மாறியிருக்கும், அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும். பின்னால் பீம் என்பதால் அங்கே திருப்பிச் சரி செய்ய எதுவும் இல்லை, அளவை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின் பக்கம் இறங்கியதால் ஹெட்லைட் வெளிச்சம் முன்பை விட மேலே போகும், குன்னூர் ரோட்டில் எதிரே வருகிறவர்கள் திட்டுவார்கள், டேஷ்போர்டில் இருக்கும் லைட் திருகியை ஒரு படி இறக்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் ஷாக் போல்ட்டையும் லாக் நட்டையும் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.

ஹைவே_மணி
பார்த்தீர்களா, உட்கார்ந்துவிட்டது.

சேலம்_சட்டம்
பர்லியார் செக்போஸ்ட்டில் நிறுத்தினால் தெரியும்.