வேனில் கூடுதல் பேட்டரி: எங்கெல்லாம் இடிக்கிறது?

#1

வெளி கரண்ட் இல்லாத இடத்தில் வேனையோ கேரவனையோ நிறுத்தி மூன்று நான்கு நாள் தங்குபவர்கள், கூடுதல் பேட்டரி வைத்த வண்டிகளில் என்ன தகராறு வந்தது, எப்படிச் சரியானது என்று எழுதுங்கள். பயணக் கதை வேண்டாம். ஆம்ப், வோல்ட், ஒயர் தடிமன் போதும்.

முதலில் ஒரு நாள் செலவு, 12 வோல்ட்டில். கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது 4.5 ஆம்ப் இழுக்கும். மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினால் 36 ஏஹெச் (ஆம்ப் × மணி நேரம்). ஹீட்டர் ஃபேன் 7.5 ஆம்ப், குளிர் இரவில் விட்டு விட்டு 5 மணி நேரம் ஓடினால் 38. எல்இடி விளக்குகள் 8. தண்ணீர் பம்ப் போடும் சத்தத்துக்கு 1 ஏஹெச் கூடத் தேறாது. எல்லாரும் விட்டுவிடுவது கேஸ் அலாரம், ரேடியோ, கன்ட்ரோல் போர்டு போல அணையாமலே இருப்பவற்றை: அரை ஆம்ப்தான், ஆனால் 24 மணி நேரத்தில் 12. ஆக மொத்தம் 95 ஏஹெச்.

100 ஏஹெச் லெட்-ஆசிட்டில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். கையில் இருப்பது 50, விடிவதற்குள் தீர்ந்துவிடும். இரண்டாவது பேட்டரி வைக்கத்தான் வேண்டும். எடுத்த 95-ஐ எதை வைத்துத் திருப்பி ஏற்றுகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், முக்கால்வாசி வம்பு அங்கேதான்.

#2

லெட்-ஆசிட்டிலேயே தொடர்பவர்களுக்கு. பழைய பேட்டரிக்குப் பக்கத்தில் புதியதைப் பாரலலாகக் கட்டினால் புதியதும் சீக்கிரம் கெடும். பழையதில் ஒரு செல் வீக்காக இருந்தால் வண்டி சும்மா நிற்கும்போதே புதியதிலிருந்து உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஒரே மாடல், ஒரே ஏஹெச், ஒரே நாளில் வாங்கியவை என்றால் மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். இடம் இருந்தால் 6 வோல்ட் கோல்ஃப் கார்ட் பேட்டரி இரண்டை சீரிஸில் போடுவது இன்னும் நல்லது: 220 ஏஹெச் வரை கிடைக்கும், பிளேட்டும் தடிமன்.

பாரலல் கட்டும்போது பாசிட்டிவை முதல் பேட்டரியிலும் நெகட்டிவைக் கடைசிப் பேட்டரியிலும் எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே பேட்டரியில் எடுத்தால் அதுவே அதிகம் உழைக்கும். கடைசியில் இருப்பது என்றுமே நிறையாமல் சல்ஃபேட் படியும். மூன்று நான்கு பேட்டரி வைத்த வண்டிகளில் இது நன்றாகவே தெரியும்.

ஜெனரேட்டரில் ஏற்றுபவர்கள் கவனிக்க: 50-லிருந்து 80 சதவீதம் வரை வேகமாக ஏறும். கடைசி 20-க்கு, சார்ஜர் எவ்வளவு பெரிதானாலும், பேட்டரி ஆம்ப்பைக் குறைத்துக்கொண்டே போகும், மணிக்கணக்கில் ஆகும். காலையில் ஜெனரேட்டரை ஓட்டி 80-க்குக் கொண்டுவந்துவிட்டு மிச்சத்தை சோலாரிடம் விடுங்கள். மாலையில் ஓட்டினால் டீசல்தான் வீண். வண்டியோடு வந்த பழைய சார்ஜர் 13.6 வோல்ட்டிலேயே நிற்கும் வகையா என்றும் பாருங்கள். 14.4-க்குப் போகாத சார்ஜரில் எத்தனை பேட்டரி கூட்டினாலும் ஒன்றும் முழுதாக நிறையாது.

லோடை எல்லாம் அணைத்து சில மணி நேரம் விட்டு அளந்தால் 12.7 முழுசு, 12.2 பாதி. ஃப்ரிட்ஜ் ஓடும்போது மீட்டர் வைத்துப் பதறாதீர்கள். தண்ணீர் ஊற்றும் வகை என்றால் பெட்டியின் மேல்பக்கத்திலிருந்து வெளியே காற்றுக்குழாய் கட்டாயம். சார்ஜ் ஏறும்போது வருவது ஹைட்ரஜன்.

#3

லித்தியத்துக்கு மாறிய ஒரு வேனில் வந்த புகார்: எஞ்சின் பேட்டரியிலிருந்து உள் பேட்டரிக்குப் போகும் ஒயரில் 60 ஆம்ப் ஃபியூஸ் அடிக்கடி போகிறது, அதுவும் சாவியைத் திருப்பும்போது மட்டும்.

நடுவில் இருந்தது வோல்ட்டேஜைப் பார்த்து இரண்டு பேட்டரியையும் சேர்க்கும் ரிலே. 13.3-இல் சேர்க்கும், 12.8-இல் பிரிக்கும். லெட்-ஆசிட்டுக்கு இது சரி, எஞ்சின் நின்றதும் வோல்ட் இறங்கிவிடும். எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை லித்தியம் ஏறக்குறைய காலியாகும் வரை 12.8-க்குக் கீழே வராது. ரிலே பிரிவதே இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் கேட்கும் நூற்றுக்கணக்கான ஆம்ப்பில் ஒரு பங்கு அந்த மெல்லிய ஒயர் வழியாக லித்தியத்திலிருந்து பாய்கிறது. பெரிய ஃபியூஸ் போடுவது தீர்வு இல்லை. அடுத்தது ஒயர் எரியும்.

இன்னொரு ஆபத்து ஆல்டர்னேட்டருக்கு, அதாவது எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் தயாரிப்பதற்கு. லித்தியம் கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். எஞ்சின் ஐடிலிங்கில் இருக்கும்போது ஆல்டர்னேட்டரின் ஃபேன் மெதுவாகச் சுற்றும், லோடோ முழுசு. சூடேறியே போய்விடும்.

ரிலேயைக் கழற்றிவிட்டு 30 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் (எஞ்சின் பக்கத்திலிருந்து அளவோடு எடுத்து உள் பேட்டரிக்கு ஏற்றும் கருவி) வைப்பதுதான் வழி. 4 மணி நேரம் ஓட்டினால் 120 ஏஹெச் ஏறும். 30 ஆம்ப் வெளியே கொடுக்க உள்ளே 36, 37 இழுக்கும். 6 மீட்டர் தூரத்துக்கு 16 ஸ்கொயர் எம்எம் ஒயர் போடுங்கள். ஒயரின் இரண்டு முனையிலும் பேட்டரி இருப்பதால் இரண்டு முனையிலும் ஃபியூஸ். சார்ஜரை உள் பேட்டரிக்குப் பக்கத்தில், காற்று வரும் இடத்தில் மாட்டுங்கள். சீட்டுக்கு அடியில் அடைத்து வைத்தால் சூட்டில் தானே ஆம்ப்பைக் குறைத்துக்கொள்ளும், பிறகு "30 சொன்னான், 18தான் வருகிறது" என்ற புலம்பல்.

#4

இன்வர்ட்டர் பக்கம். 1000 வாட் லோடுக்கு, இன்வர்ட்டரின் இழப்பையும் சேர்த்து, 12 வோல்ட்டில் 93 ஆம்ப் போகும். 2 மீட்டர் தூரம், போக வர 4 மீட்டர், 10 ஸ்கொயர் எம்எம் ஒயர் என்றால் 0.64 வோல்ட் வழியிலேயே போய்விடும். 60 வாட் வெப்பம் ஒயரில். அதே தூரத்துக்கு 35 போட்டால் 0.18 வோல்ட்தான். மைக்ரோவேவ் மேல் "1000 வாட்" என்று இருப்பது சமைக்கும் பவர். அது இழுப்பது 1500-ஐ ஒட்டி இருக்கும், அதற்கு 70 போடுங்கள்.

ஃபியூஸ் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். லித்தியம் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கில் ஆம்ப் பாயும். மலிவு ஃபியூஸ் உருகினாலும் உள்ளே தீப்பொறி தொடர்ந்து பாலம் போடும். கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் வாங்குங்கள்.

இன்வர்ட்டர் லோடில் "லோ வோல்ட்டேஜ்" என்று கத்துகிறது, பேட்டரியோ நிறைந்திருக்கிறது என்றால் லக்கை (ஒயர் முனையில் நசுக்கிப் பொருத்தும் உலோக வளையம்) பாருங்கள். உறை பழுப்பேறியிருக்கும், லக்கை ஆட்டினால் கம்பி லேசாகச் சுழலும். சுத்தியலால் நசுக்கிய வேலை. ஹைட்ராலிக் கிரிம்பரில் அறுகோண டை வைத்து அழுத்தியது அசையாது. இன்னொன்று, வாஷர். பேட்டரி முனைமேல் முதலில் லக், அதன்மேல் வாஷர், பிறகு நட். லக்குக்கு அடியில் ஸ்டீல் வாஷர் புகுந்தால் கரண்ட் முழுக்க அதன் வழியே போய் முனை கொதிக்கும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, லோடு ஓடும்போது ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் அளந்தால் குற்றவாளி உடனே மாட்டுவான்.

வேனின் வெளி பிளக்கை இன்வர்ட்டரில் சொருகுபவர்கள் உள் சார்ஜரின் பிரேக்கரை முதலில் அணையுங்கள். இல்லாவிட்டால் பேட்டரியிலிருந்து எடுத்து அதே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருப்பீர்கள், நடுவில் இரண்டு முறை இழப்பு. லோடே இல்லாமல் இன்வர்ட்டர் 15 வாட் குடித்தாலும் நாளைக்கு 30 ஏஹெச், அதனால் ராத்திரி அணைத்துவிடுங்கள்.

#5

#2-இல் சொன்ன வோல்ட் கணக்கு லித்தியத்துக்கு உதவாது. 13.2-க்கும் 13.3-க்கும் நடுவே பாதி பேட்டரி ஒளிந்திருக்கும். ஷன்ட் மானிட்டர் வையுங்கள்: நெகட்டிவ் ஒயரில் ஷன்ட் என்ற துண்டைப் பொருத்தி, உள்ளே வெளியே போகும் ஆம்ப்பைக் கணக்கிடும் மீட்டர். மானிட்டர் 80 சதவீதம் காட்டும்போதே கரண்ட் கட் ஆகிறது என்றால், ஏதோ ஒரு நெகட்டிவ் ஒயர் ஷன்ட்டைத் தாண்டி நேராக பேட்டரி முனையில் இருக்கும். முனையில் ஷன்ட் கேபிளைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது.

#6

லித்தியத்தைப் பாரலல் செய்யும் முன் ஒவ்வொன்றையும் தனித்தனியாக முழுச் சார்ஜ் செய்யுங்கள். #5 சொன்ன அதே காரணம்தான்: மீட்டரில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு பேட்டரி உள்ளே 40-ம் 90-மாக இருக்கலாம்.

0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது, செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். பேட்டரியிலிருந்து எடுப்பதில் சிக்கல் இல்லை. பிஎம்எஸ்ஸில் (லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு போர்டு) குளிர்த் தடுப்பு இருக்கிறதா என்று வாங்கும் முன் கேளுங்கள்.

பேட்டரி செத்துவிட்டது, மீட்டரில் வோல்ட்டே இல்லை என்பவர்கள் பதறாமல் லோடைக் கழற்றுங்கள். காலியானதும் பிஎம்எஸ் தன்னை அணைத்துக்கொண்டிருக்கும். பேட்டரி வோல்ட் தெரியாமல் பல சோலார் கன்ட்ரோலர்கள் கிளம்பாது, வெயில் கொளுத்தினாலும் ஏறாது. லித்தியம் மோடு உள்ள சார்ஜர், அல்லது நிறைந்த இன்னொரு 12 வோல்ட் லித்தியத்தை சில நொடி பாரலலாகத் தொட்டால் விழிக்கும். விழித்ததும் சார்ஜரை மாட்டிவிடுங்கள்.

#7

#1 கணக்கில் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ்தான் இருக்கிறது. கேஸிலும் ஓடும் அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ் உள்ளவர்கள் நிறுத்திய இடத்தில் அதை 12 வோல்ட்டில் ஓட்டவே ஓட்டாதீர்கள். 10 ஆம்ப்புக்கு மேல் விடாமல் இழுக்கும், நாளைக்கு 240 ஏஹெச். எத்தனை பேட்டரி வைத்தாலும் கட்டுப்படியாகாது. வண்டி ஓடும்போது மட்டும் 12 வோல்ட், நின்றதும் கேஸ். தானாக மாறும் வகையில் எஞ்சின் சிக்னல் ஒயர் இரண்டாவது பேட்டரியில் மாட்டியிருந்தால் நின்ற பிறகும் 12 வோல்ட்டிலேயே இருக்கும், அந்த ஒயரைத் தேடிப் பாருங்கள்.