நார்விச் ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஹால்: கீழே 1320, மேலே டியூடர், இது ஒரே வீடுதானா?

தெருவோரன்:
போன வாரம் ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவை இங்கிலாந்தின் நார்விச் நகரில் இருக்கும் ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஹால் என்ற பழைய வணிகர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன், இப்போது அது அருங்காட்சியகம். தெருவிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது, உள்ளே போனால் முற்றம், படியேறினால் வாசல் மண்டபம், அப்புறம் அண்ணாந்து பார்க்க வைக்கும் மரக்கூரையோடு ஒரு பெரிய கூடம். அந்தக் கூடமும் ஜன்னலும் டியூடர் மன்னர்கள் ஆண்ட காலம் (1485–1603) மாதிரி இருக்கிறது. ஆனால் கீழே வளைவுக் கூரை போட்ட ஒரு நிலவறை இருக்கிறது, அதுதான் 1320 வாக்கில் ரால்ஃப் டி மிடில்டன் என்ற வணிகர் கட்டியது, வீட்டிலேயே பழசு என்றார்கள். இருநூறு வருஷ இடைவெளி எப்படி ஒரே வீட்டுக்குள் வந்தது? அந்த நிலவறை எதற்கு? அப்பா "இது கோட்டைக்குப் போகிற சுரங்கப்பாதைடா" என்று சாதிக்கிறார். நம் ஊரில் எந்தப் பழைய கட்டடத்தைப் பார்த்தாலும் அவர் இதைத்தான் சொல்வார்.

செங்கல்சூளை:
உங்கள் அப்பாவுக்கு ஏமாற்றம்தான், அது சரக்கு வைக்கிற இடம். இந்த மாதிரி நிலவறையை அங்கே அண்டர்கிராஃப்ட் என்பார்கள். முழுசாக மண்ணுக்குள் புதைந்தே இருக்க வேண்டும் என்பதில்லை, சரிவான மனையில் ஒரு பக்கம் தரைக்கு மேலேயே நிற்கும், அதன் தலையில் மட்டமாக ஒரு மேடை கிடைக்கும், வீடு அதன் மேல் ஏறும். வீட்டுக்காரர் மேலே குடியிருக்க, விற்கிற பொருள் கீழே.

வளைவுக் கூரை அழகுக்காக மட்டும் போட்டதில்லை. மரவீடும் கூரைப்புல்லும் நெருக்கியடித்து நின்ற ஊர் அது. 1507இல் இரண்டு முறை தீப்பிடித்து ஏறக்குறைய 700 வீடுகள் போயின, 1509இல் இனி புல் வேயக்கூடாது, ஓடுதான் என்று உத்தரவே போட்டார்கள். மேலே எரிந்தாலும் செங்கல் வளைவு அப்படியே நிற்கும், அதன் மேலேயே அடுத்த வீட்டைக் கட்டிக்கொள்ளலாம். நார்விச்சில் இன்றைக்கும் அறுபது சொச்சம் நிலவறைகள் மிஞ்சியிருக்கின்றன, பலவற்றின் மேல் நிற்பது முற்றிலும் வேறு காலத்து வீடு.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த வீட்டை யாரும் ஒரே மூச்சில் கட்டவில்லை. 15ஆம் நூற்றாண்டில் வில்லியம் பார்லி என்ற வணிகர் கூடத்தைப் புதிதாக எடுத்தார். 1539இல் மேயரான நிக்கோலஸ் சோதர்ட்டன் காலத்தில் அது மேலும் மெருகேறியது, நீங்கள் டியூடர் என்று பார்த்தது பெரும்பாலும் இவர் கைவண்ணம். பிறகு 17ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ் காக் என்ற மளிகை வணிகர், அவரும் மேயர்தான், மாடிப்படியைச் சேர்த்தார். பணம் வந்தவர்கள் எல்லாம் தெரிகிற இடத்தில் கை வைத்தார்கள், கண்ணுக்குத் தெரியாத அடித்தளத்தை யாரும் சீண்டவில்லை. அதனால்தான் 1320 பிழைத்தது.

சுண்ணாம்புக்கல்:
சுரங்கப்பாதைக் கதை நார்விச்சிலும் உண்டு, உங்கள் அப்பா தனியாள் இல்லை. தேவாலயத்துக்கும் கோட்டைக்கும் ரகசிய வழி என்று எந்தக் கடைக்காரரும் சொல்வார். கதைக்குக் கொஞ்சம் தீனியும் இருக்கிறது, ஊருக்கு அடியில் பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் நிஜமாகவே ஓடுகின்றன. 1988 மார்ச்சில் ஏர்ல்ஹாம் சாலையில் ஓர் இரட்டைமாடிப் பேருந்தின் பின்பக்கம் அப்படியே குழிக்குள் இறங்கிவிட்டது. படத்தைத் தேடிப் பாருங்கள், பேருந்து மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். ஆனால் அது சுண்ணாம்பு தோண்டிய குழி, வணிகர் வீட்டு நிலவறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மதுரைக்காரி:
பெயரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 'ஸ்ட்ரேஞ்சர்ஸ்' என்றால் வெளியூரார். நெசவுத்தொழில் படுத்துப்போனதால், 1565இல் டச்சு, வல்லூன் (இன்றைய பெல்ஜியப் பக்கத்துப் பிரெஞ்சு பேசுகிறவர்கள்) நெசவாளர் குடும்பங்கள் முப்பதை நகரமே வரவழைத்தது. அப்போதைய மேயர் தாமஸ் சோதர்ட்டன், மேலே சொன்ன நிக்கோலஸின் மகன். கொஞ்ச வருஷத்தில் ஊரில் மூன்றில் ஒருவர் வெளியூராராகிவிட்டார். ஆனால் வீட்டுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது ரொம்பப் பின்னால்தான், அதனால் நெசவாளர்களுக்காகக் கட்டிய வீடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பக்கத்துத் தேவாலயத்தின் பெயர் 'செயின்ட் ஜான் மேடர்மார்க்கெட்'. மேடர் என்பது சிவப்புச் சாயம் தருகிற வேர். நம் சாயவேரும் அதே தாவரக் குடும்பம்தான். துணிக்காரர் ஊர் என்பது தெருப்பெயரிலேயே இருக்கிறது.

தெருவோரன்:
அருமை, எல்லாருக்கும் நன்றி. அப்பாவிடம் பேருந்துக் கதையைச் சொன்னேன், "பார்த்தியா, கீழே வழி இருக்குன்னு சொன்னேனே" என்கிறார், என்ன செய்ய. இன்னொன்று, 1899இல் பாழடைந்து இடிபட இருந்த இந்த வீட்டை லியோனார்டு போலிங்புரோக் என்ற வழக்கறிஞர் சொந்தக் காசில் வாங்கி, அடுத்த வருஷமே அருங்காட்சியகமாகத் திறந்து, 1922இல் நகரத்துக்கே கொடுத்துவிட்டாராம். நிலவறையில் நான் ஒரு படம்கூட ஒழுங்காக எடுக்கவில்லை, அடுத்த முறை டார்ச்சோடு போகிறேன். வளைவு சுவரைத் தொடுகிற இடத்தில் என்ன பார்க்க வேண்டும், செங்கல்சூளை?

செங்கல்சூளை:
செங்கல்லின் அளவையும், வளைவுக் கூரையில் விலா எலும்பு மாதிரி புடைத்து ஓடும் விலாவளைவின் விளிம்பு எப்படிச் செதுக்கியிருக்கிறது என்பதையும். மரத்துக்கு வளையம் எண்ணிக் காலம் சொல்லலாம், செங்கல்லுக்கு இதெல்லாம்தான் சாட்சி. நேரமிருந்தால் கிங் தெருவில் டிராகன் ஹாலையும் பாருங்கள், ராபர்ட் டாப்ஸ் 1427 வாக்கில் கட்டியது, அங்கே சரக்கை மாடிக்கே ஏற்றி விற்றார்கள்.