பிசினஸ் சிமுலேசன் பாடமா, வரிப் பாடமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

களுவாஞ்சிப் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். முகாமைத்துவம் படிக்கிறேன், மூன்றாம் வருடம். அடுத்த செமஸ்டருக்கு இரண்டில் ஒரு பாடத்தைத் தெரிவுசெய்ய வேண்டும், ஒன்று வரி, மற்றது பிசினஸ் சிமுலேசன். வரிக்கு சீனியர்களின் நோட்ஸ் இருக்கிறது, பாஸ் பேப்பர் இருக்கிறது, பயமில்லை. சிமுலேசன் எங்களுக்குப் புதிது. ஐந்து ஐந்து பேராகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் கொம்பியூட்டரில் ஒரு கம்பெனி தருவார்களாம், என்ன விலை, எவ்வளவு உற்பத்தி, விளம்பரத்துக்கு எவ்வளவு, கடன் எடுப்பதா இல்லையா எல்லாம் நாங்களே தீர்மானிக்க வேண்டுமாம், கிழமைக்கு ஒரு சுற்று. தொழில்வாண்மைத் திறன் வளரும் என்று விரிவுரையாளர் சொல்கிறார். வீட்டில் சொன்னேன், அப்பா "கேம் விளையாடவா கம்பஸுக்கு அனுப்பினது" என்று கேட்டுவிட்டுப் பேப்பர் வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

எனக்கு இரண்டு யோசனை. முதலாவது, இங்கே மட்டக்களப்பில் வங்கி, லீசிங், காப்புறுதி என்று நேர்முகத் தேர்வுக்குப் போனால் இதை யாராவது கணக்கில் எடுப்பார்களா? இரண்டாவது, மென்பொருள் முழுக்க ஆங்கிலம். போன செமஸ்டர் குரூப் அசைன்மென்டிலேயே ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவர் லெப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்தார், நாங்கள் நான்கு பேரும் சுற்றி இருந்து தலையாட்டினோம். இதிலும் அப்படித்தான் ஆகப்போகிறது என்றால் எனக்கு வரியே போதும்.

தேன்நாட்டான்:

எடுங்க தங்கச்சி. நான் வெளிநாட்டில் எம்.பி.ஏ. படித்தபோது கேப்ஸ்டோன் என்ற சிமுலேசன் செய்தேன், கேப்சிம் என்ற நிறுவனத்தினுடையது. அதில் சென்சர் (உணரி) செய்கிற கம்பெனிகள், ஆண்ட்ரூஸ், பால்ட்வின், செஸ்டர், டிக்பி என்று ஆங்கில அகர வரிசையில் பெயர். தொடங்கும்போது எல்லாக் கம்பெனியும் ஒரே நிலையில்தான் இருக்கும், ஒரு சதம் கூடக் குறைய இல்லை. ஒரு சுற்று என்றால் ஒரு வருடம், எட்டுச் சுற்று வரை போகலாம். யாருக்கும் சாக்குச் சொல்ல இடமில்லாத அமைப்பு அது.

எங்களுக்குப் பக்கத்துக் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் சுற்றில் விற்பனை கூடியது, இலாபம் காட்டியது, உற்சாகத்தில் இரண்டு மடங்கு உற்பத்தி போட்டார்கள், இயந்திரமும் காசு கொடுத்து வாங்கினார்கள். அடுத்த சுற்றில் போட்டிக் குழுக்கள் விலையை இறக்க, செய்த சரக்கு அப்படியே களஞ்சியத்தில் கிடந்தது. கையில் காசில்லை. அப்படிக் காசு தீர்ந்தால் மென்பொருளே "பிக் அல்" என்ற வட்டிக்காரன் பெயரில் அவசரக் கடனை உங்கள் தலையில் கட்டிவிடும், நடப்பு வட்டிக்கு மேல் 7.5 வீதம் கூட. இலாபநட்டக் கணக்கில் இலாபம் இருக்கிறது, பிறகு ஏன் கடன் வந்தது என்று அந்தக் குழுவில் இருந்த கணக்காளர் ஒருவரே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காசு எப்போது வந்தது, எப்போது போனது என்று காட்டுகிற காசுப் பாய்ச்சல் கூற்றை நாங்கள் எல்லாரும் பரீட்சைக்குச் செய்திருக்கிறோம்தானே, ஆனால் அது எதற்கு என்று அன்றைக்குத்தான் அந்த அறையில் பலருக்குப் பிடிபட்டது.

லெப்டொப் பிரச்சினைக்கு: முதல் நாளே பதவியைப் பிரித்து எழுதி விரிவுரையாளரிடம் கொடுத்துவிடுங்கள். நிதி ஒருவர், உற்பத்தி ஒருவர், சந்தைப்படுத்தல் ஒருவர். உங்கள் பகுதி எண்ணை நீங்கள்தான் தட்ட வேண்டும், சுற்றுக்குச் சுற்று பதவி மாற வேண்டும். முடிந்தால் நிதியை நீங்கள் எடுங்கள், எல்லாரும் காசு கேட்டு உங்களிடம்தான் வருவார்கள், அப்போது வாய் தானாகத் திறக்கும்.

கல்முனைக் கடைக்காரன்:

குறுக்கே பேசுகிறேன் என்று கோபிக்க வேண்டாம். எங்களுடையது அரிசி, சாமான் மொத்தக் கடை. போன வருடம் இதே மாதிரிப் பாடம் செய்து நல்ல புள்ளி எடுத்த தம்பி ஒருவரை வேலைக்கு வைத்தோம். மாதக் கணக்கு, எக்செல் எல்லாம் அழகாகச் செய்தார். ஆனால் கடன் கேட்டு வருகிறவரின் முகத்தைப் பார்த்து "இல்லை" என்று சொல்லத் தெரியவில்லை, "ஓம்" என்று சொன்னால் எவ்வளவுக்கு என்றும் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் வியாபாரம் பாதி கடன் கொப்பியில்தான் ஓடுகிறது. பெரும்போகம் வெட்டினால்தான் பழைய கணக்குத் தீரும். வயல்வட்டை முழுக்க ஒரே நேரத்தில் வெட்டு மெசின் இறங்கினால் நெல் விலையும் அதே நேரத்தில் இறங்கும், அப்போது எங்களுக்கு வர வேண்டிய காசும் பாதியாக வரும். அந்த ஆளிடம் கத்தவும் முடியாது, அடுத்த போகத்துக்கும் அவர்தான் வாடிக்கை, அவருடைய மச்சான் பக்கத்துக் கடை. இதையெல்லாம் எந்தக் கொம்பியூட்டர் கேட்கும்? லீவுக்கு இரண்டு மாதம் ஒரு கடையிலோ அரிசி ஆலையிலோ சும்மா நின்று பாருங்கள் தங்கச்சி, சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பாடத்துக்கு வரியையே எடுங்கள், வரி தெரிந்த ஆள் எங்களுக்கும் தேவை.

சம்மாந்துறை சேர்:

கடைக்கார நானா சொன்னதில் பாதி உண்மை, மிச்சப் பாதிக்குத்தான் எழுத வந்தேன். நான் உயர்தர வணிகப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். எங்களிடம் மென்பொருளும் இல்லை, அதற்குக் காசும் இல்லை. 1960 அளவில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜே ஃபொரெஸ்டர் என்ற பேராசிரியரின் ஆட்கள் உருவாக்கிய "பியர் கேம்" என்ற ஒன்று இருக்கிறது, கடதாசியும் சில்லறையும் இருந்தால் போதும். பியர் என்று சொல்லிக்கொண்டு எங்கள் வகுப்பில் நிற்க முடியாது, அதனால் அரிசி மூடை ஆக்கிவிட்டேன். நான்கு மேசை: சில்லறைக் கடை, மொத்தக் கடை, விநியோகத்தர், ஆலை. ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது, ஓடர் துண்டு மட்டும்தான் கைமாறும். ஓடர் மேலே போகவும் நாளாகும், சரக்கு கீழே வரவும் நாளாகும். கையில் தேங்கினால் மூடைக்குக் கிழமைக்கு ஐந்து ரூபா செலவு, கேட்டவருக்குக் கொடுக்க முடியாமல் பாக்கி விழுந்தால் பத்து ரூபா. (அசல் விளையாட்டில் அரை டொலர், ஒரு டொலர்.)

வாடிக்கையாளர் முதல் நான்கு கிழமை நான்கு மூடை கேட்பார், ஐந்தாம் கிழமையில் இருந்து எட்டு. அதற்குப் பிறகு கடைசி வரை எட்டுத்தான், மாறவே மாறாது. ஆனால் இந்தத் துண்டு சில்லறைக் கடைக்காரருக்கு மட்டும் தெரியும். அவர் பயந்து கொஞ்சம் கூட்டிக் கேட்பார், மொத்தக் கடை இன்னும் கூட்டும், ஆலைக்குப் போய்ச் சேரும்போது முப்பது நாற்பது என்று நிற்கும். பிறகு சரக்கெல்லாம் ஒன்றாக வந்து இறங்கும், ஓடர் பூச்சியம் ஆகும். ஆலை மேசைப் பிள்ளை எழும்பி நின்று "யாருடா இப்படிக் கேட்டது" என்று கத்தாமல் ஒரு வகுப்பும் எனக்கு முடிந்ததில்லை.

விளையாட்டு முடிந்த பிறகுதான் பாடம். வாடிக்கையாளர் எப்படிக் கேட்டிருப்பார் என்று வரைபடம் கீறச் சொல்வேன். ஆலை மேசை அலை அலையாகக் கீறும். அதற்குப் பிறகு உண்மையான கோட்டைக் காட்டுவேன், ஒரே ஒரு படி, நான்கில் இருந்து எட்டு. வகுப்பு அமைதியாகிவிடும். பக்கத்து மேசைக்காரனை முட்டாள் என்று திட்டினவர்கள் அவனும் தன்னைப் போலத்தான் யோசித்தான் என்று காண்கிற இடம் அது. எங்கள் பிள்ளைகள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம், எம்.ஐ.டி.யில் ஸ்டெர்மன் என்ற ஆய்வாளர் 1989இல் வெளியிட்ட ஆய்வில் குழுக்களின் சராசரிச் செலவு, இருக்க வேண்டிய ஆகக் குறைந்த செலவின் பத்து மடங்கு அளவில் வந்தது. 2021, 2022இல் பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றோமே, தட்டுப்பாட்டுக்கு மூல காரணம் டொலர் இல்லாதது, ஆனால் கிடைத்த அன்றைக்கு இரண்டு பெட்டி எடுத்து ஒளித்து வைத்த வேலையையும் சேர்த்து வகுப்பில் பேசுவேன். தாங்களும் செய்ததுதான் என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

ஆகவே தங்கச்சி, விரிவுரையாளரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் உட்கார்ந்து பேச நேரம் இருக்கிறதா? இருந்தால் எடுங்கள். எண்ணைத் தட்டிவிட்டு அடுத்த சுற்று, கடைசியில் முதலிடம் வந்தவருக்குப் புள்ளி என்றால் கடைக்கார நானா சொன்னபடி வரியைப் படியுங்கள்.

காசுக்கணக்கு:

நிதி நிறுவனம் ஒன்றின் கிளையில் இருக்கிறேன், நேர்முகத் தேர்வில் அடிக்கடி உட்கார வேண்டி வரும். சுயவிபரத்தில் "பிசினஸ் சிமுலேசனில் முதலிடம்" என்று போட்டிருந்தால் நான் அதைத் தாண்டிப் போய்விடுவேன், எத்தனை குழுவில் முதலிடம் என்று யாருக்குத் தெரியும். ஆனால் "மூன்றாம் சுற்றில் எங்களிடம் காசு தீர்ந்தது, விலையைக் கூட்டுவதா உற்பத்தியைக் குறைப்பதா என்று குழு இரண்டாகப் பிரிந்தது, நான் இதைச் சொன்னேன், இந்தக் காரணத்துக்காக, அது இப்படி முடிந்தது" என்று ஒருவர் சொன்னால் நிமிர்ந்து உட்காருவேன். பட்டதாரிப் பிள்ளைகளிடம் ஒரு முடிவு எடுத்த கதையைக் கேட்டால் பெரும்பாலும் கம்பஸ் விழாவுக்குப் பந்தல் போட்ட கதைதான் வருகிறது. அதனால் ஒரு கொப்பி வைத்திருங்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் முடிவு வருவதற்கு முன்பே என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், குழுவில் விவாதமும் தமிழில் நடக்கட்டும், கடைசிச் சமர்ப்பணத்தை மட்டும் ஆங்கிலத்தில் பழகினால் போதும். ஆங்கிலம் தெரிந்தவர் மொழிபெயர்ப்பாளராக இருக்கட்டும், முதலாளியாக வேண்டாம்.

இந்தப் பாடம் கிடைக்காதவர்களும் இருப்பீர்கள். ஐ.எல்.ஓ. என்ற சர்வதேசத் தொழில் தாபனத்தின் எஸ்.ஐ.வை.பி. (உங்கள் வியாபாரத்தைத் தொடங்கி முன்னேற்றுதல்) பயிற்சி, ஜேர்மன்காரர் நேபாளத்தில் தொடங்கிய செஃபே (CEFE) என்ற தொழில்முனைவோர் பயிற்சி இரண்டும் இலங்கையில் நடக்கின்றன, இரண்டிலும் விளையாட்டு மூலமும் வியாபாரம் படிப்பிக்கிறார்கள். செஃபேயில் வளையம் எறிகிற ஒன்று உண்டு, எவ்வளவு தூரத்தில் நிற்பது என்று நீங்களே தீர்மானிக்க வேண்டும். ஆளின் துணிச்சல் எவ்வளவு, பேராசை எவ்வளவு என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

களுவாஞ்சிப் பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி. இன்றைக்கு விரிவுரையாளரிடம் கேட்டேன், ஒவ்வொரு சுற்றுக்கும் அரை மணித்தியாலம் பேச வைப்பாராம், பதவி மாற்றுவதற்கும் ஒத்துக்கொண்டார். எடுக்கப்போகிறேன். வரியைப் பிறகு தனியாகப் படிக்கலாம் என்று நினைக்கிறேன். சேர், உங்கள் அரிசி மூடை விளையாட்டை ஹொஸ்டலில் நாங்களே செய்து பார்க்கலாமா?

சம்மாந்துறை சேர்:

தாராளமாக. மூடைக்குப் புளியங்கொட்டை, ஓடருக்குப் பழைய கொப்பித் தாள். மூன்று மணித்தியாலம் ஒதுக்குங்கள், வெள்ளிக்கிழமை வேண்டாம், ஜும்ஆவுக்குப் பாதியில் எழும்ப வேண்டி வரும். ஐம்பது கிழமை என்று சொல்லிவிட்டு முப்பத்தாறில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் முடிவு தெரிந்து கடைசியில் எல்லாரும் ஓடரை நிறுத்திவிடுவார்கள். கடைக்கார நானா, உங்கள் கடன் விசயத்துக்கு ஒரு விதி எழுதித் தாருங்களேன், எங்கள் விளையாட்டில் அது இல்லைதான்.

கல்முனைக் கடைக்காரன்:

சரி, இதோ. சில்லறைக் கடை சரக்கு எடுக்கும்போது பாதிக் காசுதான் கொடுக்கும், மிச்சம் பத்தாம் கிழமையில். அன்றைக்குக் காசைச் சுண்டிப் போடுங்கள், பூ விழுந்தால் மிச்சத்தில் பாதிதான் வரும். மொத்தக் கடைக்காரர் அதற்குப் பிறகும் சரக்குக் கொடுப்பதா இல்லையா என்பது அவர் பாடு. இந்த விதியை அவருக்கு மட்டும் முன்கூட்டியே சொல்ல வேண்டாம்.