கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு நெபாஃபெனாக் சொட்டு: வலி இல்லையென்றால் நிறுத்தலாமா?

கேள்வி:
அம்மாவுக்கு வயது 64, சர்க்கரை உண்டு. புரை ஆபரேஷன் முடிந்து 6 நாள் ஆகிறது. மாக்சிஃப்ளாக்சசின் (கிருமிக்கொல்லி), பிரெட்னிசலோன் அசிடேட் (ஸ்டீராய்டு), நெபாஃபெனாக் 0.1% (வலி, வீக்கம் குறைப்பது) என மூன்று சொட்டு மருந்து. வலி சுத்தமாக இல்லை. நெபாஃபெனாக் விட்டால் எரிகிறது என்கிறார். நிறுத்திவிடலாமா? மூன்றையும் அடுத்தடுத்து விடலாமா?

பதில் 1:
நிறுத்தாதீர்கள். ஆபரேஷனில் கண்ணுக்குள் கருவி பட்டதும் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. வலி, சிவப்பு, வீக்கம் எல்லாம் அதனால் வருவதுதான். நெபாஃபெனாக் கண்ணுக்குள் ஆம்ஃபெனாக் என்ற மருந்தாக மாறி அந்தச் சுரப்பைத் தடுக்கிறது. வலி அடங்கியதோடு அதன் வேலை முடியவில்லை. விழித்திரையின் நடுவே நீர் கோக்கும் வீக்கம் பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்தில்தான் தலைகாட்டும். அது வலிக்காது, பார்வைதான் மங்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். வழக்கமாகத் தினம் 3 வேளை, 2 வாரம் என்று தருவதை அவர்களுக்கு 60 நாள் வரைகூட நீட்டுவார்கள். எத்தனை நாள் என்பதை டாக்டரிடமே கேளுங்கள்.

இன்னொன்று: வாராவாரம் வேளையைக் குறைத்துக்கொண்டே வருவது பிரெட்னிசலோனுக்கு. இரண்டு பாட்டிலையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பதில் 2:
அடுத்தடுத்து விட்டால் முதல் மருந்து கன்னத்தில் வழிந்துவிடும். கீழிமையில் ஒரு சொட்டுக்கு மேல் நிற்காது. 5 நிமிடமாவது இடைவெளி விடுங்கள். நெபாஃபெனாக்கும் பிரெட்னிசலோனும் கலங்கல் மருந்துகள். குலுக்காமல் விட்டால் மருந்து அடியிலேயே தங்கிவிடும். நன்றாகக் குலுக்கி, பாட்டில் நுனி இமையில் படாமல் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். பிறகு கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய மூலையை மட்டும் ஒரு நிமிடம் மெதுவாக அழுத்துங்கள். விழிமேல் விரல் படவே கூடாது.

பதில் 3:
எரிச்சல் சில நொடியில் அடங்கினால் பயமில்லை. நாளுக்கு நாள் கூடினாலோ, மணல் விழுந்ததுபோல் உறுத்தினாலோ டாக்டரிடம் காட்டுங்கள். நெபாஃபெனாக் வகைச் சொட்டு கருவிழிப் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். சர்க்கரையோடு கண் வறட்சியும் இருந்தால், அரிதாகக் கருவிழியே கரைந்து ஓட்டை விழலாம். அதனால்தான் மெடிக்கலில் தானாக இன்னொரு பாட்டில் வாங்கி நீட்டக் கூடாது என்கிறோம். ஆஸ்பிரின் சாப்பிட்டால் மூச்சிரைப்பு வரும் என்றால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அடங்கிய வலி திரும்பி வந்து, கண் சிவந்து, பார்வையும் குறைந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். மறுநாள் பார்க்கலாம் என்று வைக்காமல், இரவானாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.