137 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிகோடும் விழவில்லை, கம்பியை நீட்டினால் சரியாகுமா?

வால்மீன்:
எல்லாருக்கும் வணக்கம். 2200 மீட்டர் பேண்டுல, அதாவது ஹாம் ரேடியோவோட 137 கிலோஹெர்ட்ஸ் பக்கம், விஸ்பர் சிக்னல் (கம்ப்யூட்டர் டிகோட் பண்ணிப் படிக்கற ரொம்ப பலவீனமான சிக்னல்) பிடிக்கப் பாக்கறேன். அனுப்பற எண்ணம் இல்ல, தூரத்து ஸ்டேஷன் ஏதாவது கேட்டா போதும். கைவசம் 8 பிட் எஸ்டிஆர் டாங்கிள் (கம்ப்யூட்டர்ல செருகற குட்டி ரிசீவர்), அதுக்கு முன்னாடி 125 மெகாஹெர்ட்ஸ் அப்கன்வெர்ட்டர் (சிக்னல அந்த அளவுக்கு மேல தூக்கற பெட்டி), வீட்டுக்கு மேல 20 மீட்டர் கம்பி. டயல் 136.000, யுஎஸ்பி (மேல் பக்கப்பட்டை) மோடு, கம்ப்யூட்டர் கடிகாரமும் சரியா இருக்கு. ராத்திரி முழுக்க ஓடவிட்டும் ஒண்ணும் விழல. வாட்டர்ஃபால்ல (நேரம் போகப்போக சிக்னல்களக் கோடா வரையற திரை) கோடு கோடா நிறைய தெரியுது, ஃபேன் போட்டா எல்லாம் ஒண்ணா நெளியுது. எங்க பகுதியிலயே வேற ஆளுங்க தினமும் பிடிக்கறாங்க. கம்பிய 40 மீட்டர் ஆக்கினா சரியாகுமா?

சுருள்:
ஆகாதுங்க. அலைநீளமே 2.2 கிலோமீட்டர், அதுக்கு முன்னாடி 20 என்ன, 40 என்ன? இந்த பேண்டுல ஆன்டெனாக்குள்ள வர்ற இரைச்சலே ரிசீவரோட சொந்த இரைச்சலத் தாண்டி நிக்கும். கம்பிய நீட்டினா சிக்னலும் ஏறும், கூடவே வீட்டு அடாப்டர், எல்இடி பல்பு எல்லாத்தோட குப்பையும் ஏறும்.

அந்தக் கூடுதல் கம்பிய லூப்பா சுத்துங்க. 1 மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டத்துல பத்து சுத்துக்கு 40 மீட்டர் போதும். 3300 பிக்கோஃபாரடுக்குப் பக்கமா ஒரு கெப்பாசிட்டர் போட்டா 137-ல ட்யூன் ஆகும். வீட்டுக் குப்பை எந்தத் திசையில இருந்து வருதோ அந்தத் திசைக்கு லூப்போட அகன்ற முகத்தக் காட்டுங்க, அந்தப் பக்கம் காது அடைச்சுக்கும். கோஆக்ஸ் நடுவுல ஃபெரைட் வளையத்துல ஒரு 1:1 ட்ரான்ஸ்ஃபார்மர் கட்டாயம், இல்லேன்னா கேபிளோட வெளி உறையே வீட்டு இரைச்சல மேல ஏத்திவிடும்.

பழையவால்வு:
சுருள் சொன்னதுல ஒரு குறையும் இல்ல. ஆனா தம்பி, நீங்க போகிற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்களே, "ஃபேன் போட்டா எல்லாம் ஒண்ணா நெளியுது"ன்னு, வியாதியே அதுதான். ஒரு கோடு உங்க டிவியோடது, இன்னொண்ணு எங்கேயோ இருக்கிற டிரான்ஸ்மிட்டரோடது. ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. அதெல்லாம் பேசி வெச்ச மாதிரி ஒரே நேரத்துல நெளியுதுன்னா நெளியறது சிக்னல் இல்ல, உங்க ரிசீவர்.

கணக்கு போட்டுப் பாருங்க. 137 கிலோஹெர்ட்ஸுல 1 பிபிஎம் (பத்து லட்சத்துல ஒரு பங்கு) பிசகுன்னா 0.137 ஹெர்ட்ஸ், யாரும் கவலைப்பட மாட்டாங்க. நீங்க அதை 125 மெகாஹெர்ட்ஸுக்குத் தூக்கிட்டுப் போறீங்க. அங்க அதே 1 பிபிஎம் 125 ஹெர்ட்ஸ் ஆயிடுது! விஸ்பர்காரங்க இருக்கற இடமே 137.400-ல இருந்து 137.600 வரைக்கும், மொத்தம் 200 ஹெர்ட்ஸ். 2 பிபிஎம் தள்ளினாலே அவங்க கடைய விட்டு வெளிய வந்துட்டீங்க. சரி, அந்தத் தள்ளல ஒரு எண்ணக் குடுத்து சரிபண்ணிடலாம். காத்து பட்டு முன்னும் பின்னும் ஆடறத எந்த எண்ணும் சரிபண்ணாது. விஸ்பர் ரெண்டு நிமிஷம் ஓடுது, மொத்த அகலம் 6 ஹெர்ட்ஸ். 0.05 பிபிஎம் ஆடினா அந்த அகலம் பூரா போச்சு. ஒரே சீரா ஒரு பக்கமா நகர்ந்தா டிகோடர் கொஞ்சம் பொறுத்துக்கும், ஃபேனோட சேர்ந்து அலையாடினா கைய விரிச்சிடும்.

சோதிக்கறது சுலபம். நேரம் அனுப்பற நிலையம் ஒண்ணப் பிடிங்க: ஜெர்மனியின் டிசிஎஃப்77 77.5-ல, பிரிட்டனின் எம்எஸ்எஃப் 60-ல, ஜப்பானின் ஜேஜேஒய் 40-லயும் 60-லயும். உங்க பக்கம் எது பலமோ அது. அணுக்கடிகாரத்துல பூட்டின கேரியர் அது, வாட்டர்ஃபால நல்லா விரிச்சு வெச்சா நூல் பிடிச்ச மாதிரி நிக்கணும். அமெரிக்காவோட டபிள்யூடபிள்யூவிபி மட்டும் வேணாம்: 2012-ல இருந்து அவங்க ஃபேஸப் புரட்டிப் புரட்டி அனுப்பறாங்க, நடுக்கோடு சுத்தமா தெரியாது.

வால்மீன்:
சார், பாத்துட்டேன். கோடு பாம்பு மாதிரி போகுது, ரெண்டு நிமிஷத்துக்குள்ளயே 10 ஹெர்ட்ஸ் இந்தப் பக்கம் அந்தப் பக்கம். ஃபேன நிறுத்தினா குறையுது, நிக்கல. டாங்கிள்ல நல்ல டிசிஎக்ஸ்ஓ (சூட்டுக்கு ஈடுகட்டற ஆசிலேட்டர்) போட்டிருக்கறதா எழுதியிருந்ததே?

பழையவால்வு:
டாங்கிள்ல இருக்கும். அப்கன்வெர்ட்டர்ல இருக்கற 125 தனி ஆசிலேட்டர், அதுக்கு என்ன குலம் கோத்திரம்? ரெண்டு கடிகாரமும் ஆளுக்கொரு பக்கம் இழுக்குது.

வழி ரெண்டு இருக்கு. காசு செலவழிக்கலாம்னா ஆன்டெனா சிக்னல நேரா எண்ணா மாத்தற 14 பிட் ரிசீவர் வாங்குங்க, மேல தூக்கற வேலையே இல்ல. செலவு வேணாம்னா, சால்டரிங் கை நிதானமா இருந்தா, ரெண்டு கடிகாரத்தையும் ஒரே இடத்துல இருந்து எடுங்க. எஸ்ஐ5351 சின்னச் சிப்பு ஒண்ணே போதும். ஒரு கிரிஸ்டல்ல இருந்து டாங்கிளுக்கு 28.8 மெகாஹெர்ட்ஸ், அப்கன்வெர்ட்டருக்கு 125, ரெண்டும் வரும். கிரிஸ்டல் ஆடினா மேல தூக்கறதும் கீழ இறக்கறதும் சேர்ந்தே ஆடும், ஒண்ணை ஒண்ணு கழிச்சிடும், மிஞ்சறது 137-க்கு உண்டான பிசகு மட்டும்தான். இந்தக் கழித்தல் யார் மூளையில உதிச்சதோ, நமஸ்காரம்.

எப்படியானாலும் அப்கன்வெர்ட்டருக்கு முன்னாடி 150 கிலோஹெர்ட்ஸுக்கு மேல வெட்டற லோபாஸ் ஃபில்டர் போடுங்க. 8 பிட்டுக்கு மீடியம் வேவ் நிலையம் ஒண்ணு பக்கத்துல இருந்தாலே மூச்சு முட்டும்.

சுருள்:
வால்வு சார் சொல்றது புரியுது, ஆனா லூப் இல்லாம ஆட்டம் மட்டும் நின்னா போதுமா?

பழையவால்வு:
போதாது. ஆனா வரிசை முக்கியம். கோடு ஆடிட்டு இருக்கும்போது லூப்பத் திருப்பினா இரைச்சல் இறங்கறது தெரியும், டிகோட் மட்டும் விழவே விழாது. அப்புறம் தம்பி லூப்பத்தான் திட்டுவார்.

ஆட்டம் நின்னதும் விஸ்பர் மாதிரியே இன்னொரு மோடான எஃப்எஸ்டி4டபிள்யூ பக்கமும் வாங்க. அதுல அரை மணி நேர வகை ஒண்ணு இருக்கு, 0.36 ஹெர்ட்ஸ்தான் அகலம். 2500 ஹெர்ட்ஸ் இரைச்சல வெச்சு அளந்தா மைனஸ் 44 டெசிபல் தாண்டியும் எடுக்கும். எதிர்முனையில இருக்கறவன் 100 வாட் ஊட்டியும் 1 வாட்டு கூட கதிராத குட்டை ஆன்டெனாவ வெச்சுட்டுத்தான் உட்கார்ந்திருப்பான், அவனக் கேக்க இதுதான் வழி. பாதை முழுக்க இருட்டா இருக்கற நேரமாப் பாருங்க, பகல்ல அயனி மண்டலத்தோட டி அடுக்கு விழுங்கிடும். இடி மின்னல் சீசன்ல வேணாம். காந்தப்புயல் அடிச்ச அடுத்த சில ராத்திரியும் பல சமயம் பொய்க்கும், அப்ப எதையும் கழட்டாதீங்க.

வால்மீன்:
ரொம்ப நன்றி சார், சுருளுக்கும். சிப்பு ஆர்டர் போட்டாச்சு. டாங்கிள்ல பழைய கிரிஸ்டலக் கழட்டாம 28.8-ஐக் குடுக்க முடியுமா?

பழையவால்வு:
முடியாது, ரெண்டும் மோதிக்கும். கழட்டிட்டுக் குடுங்க. டிசிஎக்ஸ்ஓவோட வெளியீட்டுக் கால் எதுன்னு மீட்டர் வெச்சுப் பாத்துட்டு, நடுவுல ஒரு சின்ன கெப்பாசிட்டர் போட்டு இணைங்க. வயர் குட்டையா இருக்கட்டும். 73 (வாழ்த்துகள்).